நிழலும் ஈரமும் விரும்பும் கோஷ்டம்: தோட்டத்தில் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டின் வடக்குப் பக்கத்திலோ மாமரத்தடியிலோ வெயில் எட்டாமல் ஈரமாகவே கிடக்கும் ஒரு மூலை இருக்கிறது, அங்கே எதுவும் பூப்பதில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பரிந்துரைப்பது கோஷ்டம் என்னும் நம் நாட்டுக் காட்டுப்பூச் செடியைத்தான். அதை வாங்கி வைத்தவர்கள் பிறகு கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என் விடைகளையும் சேர்த்திருக்கிறேன்.

கோஷ்டம் என்று நாட்டு மருந்துக் கடையில் ஒரு வேர் விற்கிறார்களே, அதுவும் இந்தச் செடியும் ஒன்றா?

இல்லை. மருந்துக் கடையில் கோஷ்டம் என்ற பெயரில் கிடைக்கும் மணமுள்ள வேர், இமயமலையின் உயரமான குளிர்ச் சரிவுகளில் வளரும் சாசுரியா காஸ்டஸ் என்ற செடியினுடையது. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சமவெளித் தோட்டங்களில் வளராது. நாம் பேசப்போவது மலையாளத்தில் சண்ணக்கூவை என்றும் சிங்களத்தில் தெபு என்றும் அழைக்கப்படும் செடி. நர்சரிகளில் இதைக் கிரேப் ஜிஞ்சர் என்று கேட்டால் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

அடையாளம் காண்பது கடினமன்று. மண்ணுக்குள் இஞ்சியைப் போன்ற கிழங்கு இருக்கும். அதிலிருந்து எழும் தண்டு நேராகப் போகாமல் சற்றே முறுக்கிக்கொண்டு 1 முதல் 2 மீட்டர் உயரம் வரை, நல்ல இடமாக இருந்தால் அதற்கு மேலும், வளரும். இலைகள் தண்டைச் சுற்றிச் சுருள் படிக்கட்டுப் போல அமைந்திருக்கும். அவற்றின் அடிப்புறம் பட்டுப்போல மென்மையான உரோமம் கொண்டிருக்கும். தண்டின் நுனியில் செங்கல் சிவப்பில் ஒரு கூம்பு உருவாகி, அதிலிருந்து கசங்கிய மெல்லிய துணியைப் போன்ற வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். கிழங்கு இஞ்சியைப் போலத் தோன்றினாலும் இஞ்சியின் மணம் இதற்குக் கிடையாது. இரண்டும் உறவினர்களே தவிர ஒரே குடும்பமல்ல.

இது வெளிநாட்டுச் செடி என்று நர்சரியில் சொன்னார்கள். உண்மையில் நம் ஊர்ச் செடிதானா?

நம் ஊர்ச் செடிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்கள், ஓடைக் கரைகள், ஈரமான சாலையோரப் பள்ளங்கள் ஆகியவை இதன் இயல்பான இருப்பிடங்கள். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக நியூகினி வரை இது தானாகவே வளர்கிறது. இந்தச் செடிக்கு அறிவியல் முறைப்படி முதலில் பெயரிட்டவரே தமிழ்நாட்டுக் கரையில் வாழ்ந்தவர்தான். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரும், 1768 இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவருமான யோஹான் கெர்ஹார்டு கோனிக், 1783 இல் இதை விவரித்தார். அதன் பிறகு காஸ்டஸ் ஸ்பெசியோசஸ் என்றும், 2006 க்குப் பின் சைலோகாஸ்டஸ் என்றும், இப்போது ஹெல்லெனியா ஸ்பெசியோசா என்றும் பெயர் மாறி வந்துள்ளது. பெயர்ப்பலகையில் இவற்றுள் எது எழுதப்பட்டிருந்தாலும் செடி ஒன்றே.

நர்சரியில் அப்படிச் சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். காஸ்டஸ் என்ற பொதுப் பெயரில் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வந்த பல அழகுச் செடிகளும் விற்கப்படுகின்றன. சிறிய சிவப்புக் கூம்பிலிருந்து மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் குழல் போன்ற சிறு பூ வந்தால் அது அவற்றுள் ஒன்று. அகன்ற வெள்ளைப் பூவே நம் கோஷ்டத்தின் உறுதியான அடையாளம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹவாய் போன்ற பசிபிக் தீவுகளில் இதே கோஷ்டம் வந்தேறிக் களையாகக் கருதப்படுகிறது. ஒரு செடி எந்த மண்ணுக்கு உரியது என்பதை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான சான்று என்று நான் கருதுகிறேன்.

இன்சுலின் செடி என்று சொல்வது இதைத்தானே?

அதுவும் வேறு. இன்சுலின் செடி என்று நம்மிடையே பரவியிருப்பது பிரேசில் நாட்டைச் சேர்ந்த, ஆரஞ்சு நிறப் பூப் பூக்கும் கேமீகாஸ்டஸ் கஸ்பிடேட்டஸ். கோஷ்டத்தைவிட மிகவும் குட்டையாக வளரும். இலைகள் சுருளாக அமைவதால் பூக்காத காலத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பே.

எந்தச் செடியாக இருந்தாலும், சர்க்கரை நோய்க்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிட்டு இலையை மெல்லத் தொடங்குவது ஆபத்தானது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கோஷ்டத்தின் நாற்றைக் கேட்டு வருபவர்களில் பலர் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள்.

வெயிலே படாத இடத்தில் வைத்தால் வளருமா?

வளரும், ஆனால் பூக்காமல் போகலாம். நிழல் என்ற ஒரே சொல்லுக்குள் பல நிலைகள் இருக்கின்றன. மரக்கிளைகளின் இடைவெளி வழியாக ஒளி சிதறி விழும் நிழலும், காலையில் 2 அல்லது 3 மணி நேரம் மட்டும் வெயில் பட்டு உச்சி நேரத்தில் மறைந்துவிடும் இடமும் கோஷ்டத்துக்கு மிகவும் ஏற்றவை. தென்னந்தோப்பின் அடிப்பகுதி, மாமரக் கிளைகள் கவிந்த ஓரம், வீட்டின் கிழக்கு அல்லது வடகிழக்குச் சுவரோரம் ஆகிய இடங்களில் நன்றாக வரும்.

இரண்டு மாடிச் சுவர்களுக்கு இடையிலான சந்தில், நண்பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டில், தண்டுகள் மெலிந்து ஒளியைத் தேடிச் சாய்ந்துவிடும். மாறாக, மேற்கு வெயில் நேராக அடிக்கும் இடத்தில் வைத்தால் கோடையில் இலையின் ஓரங்கள் கருகி, மூன்று நாட்களில் செடி களையிழந்துவிடும். எளிய சோதனை ஒன்று உண்டு: பகல் 12 மணிக்கு அந்த இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் ஓரம் மங்கலாகத் தரையில் தெரிந்தால் ஒளி போதும். நிழலே விழவில்லையென்றால் அது பெரணிகளுக்கான இடம்.

எந்த மண் வேண்டும்? எங்கள் தோட்டம் முழுக்கக் களிமண்.

காட்டில் இது மக்கிய இலைகளின் மேல் வாழ்கிறது. எனவே மண்ணின் நிறத்தைவிட அதில் எவ்வளவு மக்கு இருக்கிறது என்பதே முக்கியம். செம்மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய இலையும் சிறிது தொழு உரமும் கலந்தால் போதும். களிமண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கோடையில் உதவும், மழைக்காலத்தில் கிழங்கை மூச்சுமுட்ட வைக்கும். அதனால் களிமண் நிலத்தில் குழி தோண்டி நடாமல், ஒரு சாண் உயரத்துக்கு மேடு அமைத்து, மேட்டில் மக்கிய இலையையும் தேங்காய் நார்க்கழிவையும் நிறையக் கலந்து நடச் சொல்கிறேன். மணலை மட்டும் களிமண்ணில் கொட்டுவது பலன் தராது. சிறிதளவு மணல் சேர்ந்த களிமண் காய்ந்ததும் செங்கல்லைப் போல இறுகிவிடும்.

நட்ட பிறகு மண்ணைத் திறந்தபடி விடாதீர்கள். உதிர்ந்த இலைகளை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்பிவிட்டால் மண் குளிர்ச்சியாக இருப்பதோடு, அந்த இலைகளே மக்கி அடுத்த ஆண்டுக்கான உரமாகிவிடும். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று சருகைக் கூட்டி எரிப்பவர்கள், இந்தச் செடியின் உணவைத்தான் எரிக்கிறார்கள்.

ஈரம் பிடிக்கும் என்றால் தண்ணீர் தேங்கும் இடத்திலேயே வைத்துவிடலாமா? எவ்வளவு ஊற்ற வேண்டும்?

ஈரமான மண்ணும் தேங்கிய நீரும் ஒன்றல்ல. ஓடைக்கரையில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். கிழங்கைச் சுற்றிக் காற்றும் இருக்கும். பலத்த மழையில் ஓரிரு நாள் நீர் நின்றால் கோஷ்டம் பொறுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நின்றால் கிழங்கு அழுகும்.

அளவைப் பொறுத்தவரை, செடியின் வளர்ச்சியைப் பார்த்து நீர் கொடுப்பதே சரியான முறை. புதிய குருத்துகள் எழுந்து இலை விரியும் காலத்தில் மேல்மண் காயவே கூடாது. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் நுழைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். இங்கே தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி அடிவாரம் போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழை இந்தச் செடியின் வளர்ச்சிக் காலத்தோடு இணைந்து வருகிறது. சென்னையிலும் டெல்டா மாவட்டங்களிலும் அப்படியில்லை: கோடை மழைக்கு முளைத்த குருத்து, வைகாசி, ஆனி மாதங்களின் வறண்ட அனல் காற்றில் வளர வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு மாதங்கள்தான் நீங்கள் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டிய காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது உங்கள் வேலை நீர் வடிய வழி செய்வது மட்டுமே.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரையும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரையும் ஊற்றலாமா?

ஆர்.ஓ. கழிவு நீரை இந்தச் செடிக்கு ஊற்றாதீர்கள். குடிநீரிலிருந்து நீக்கப்பட்ட உப்புகளெல்லாம் அதில்தான் செறிந்திருக்கின்றன. உங்கள் கிணற்று நீரைவிட அது உப்பு மிகுந்தது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. கோஷ்டத்துக்கு அது நல்ல நீர். துணி துவைத்த சோப்பு நீரைத் தவிர்க்கவும்.

உப்பு மிகுந்த நீரின் முதல் அறிகுறி இலை நுனி பழுப்பாகக் காய்வது. அடுத்து, இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி வெளிறும்; மண்ணின் காரத்தன்மை ஏறியதால் இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்பது அதன் பொருள். வேறு நீரே இல்லையென்றால் மக்கிய இலையைக் கூடுதலாகச் சேர்த்து, மழை பெய்யும் நாளில் கூரை நீரைச் செடியின் பக்கம் திருப்பிவிட்டு, மண்ணில் படிந்த உப்பைக் கழுவி வெளியேற்றலாம். இரண்டு நல்ல மழை செய்யும் வேலையை எந்த உரமும் செய்வதில்லை.

கிழங்கை எப்போது, எப்படி நட வேண்டும்? மலைப்பக்கம் போகும்போது காட்டிலிருந்து எடுத்து வரலாமா?

காட்டிலிருந்து எடுக்கக் கூடாது. காப்புக் காடுகளிலிருந்து செடிகொடிகளை அனுமதியின்றி எடுப்பது 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, ஓடைக்கரையில் பிடுங்கிய கிழங்கு பயணத்தில் காயம்பட்டு, வீட்டுக்கு வந்ததும் அழுகுவதே வழக்கம். ஒரு கொத்துச் செடியை வைத்திருக்கும் யாரும் ஒரு துண்டு கிழங்கைக் கொடுக்க மறுக்க மாட்டார்கள், ஏனெனில் அவர்களிடம் ஆண்டுதோறும் அது மிஞ்சும்.

நடுவதற்கு ஏற்ற காலம், கிழங்கு உறங்கி முடித்து முளை கட்டத் தொடங்கும் பங்குனி, சித்திரை மாதங்கள். இரண்டு முளைகளாவது உள்ள உள்ளங்கை அளவுத் துண்டாக இருக்க வேண்டும். வெட்டிய முகத்தில் சாம்பலைத் தடவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, முளை மேல்நோக்கி இருக்குமாறு 5 செ.மீ. ஆழத்தில் படுக்க வைத்து மூடுங்கள். இரு துண்டுகளுக்கு இடையே 2 முதல் 3 அடி இடைவெளி விடலாம். குருத்து வெளியே தெரியும் வரை மண் ஈரப்பதமாக இருந்தால் போதும். வேர் இல்லாத கிழங்குக்கு மிகுதியான நீர் தேவையில்லை.

ஒரே ஒரு செடிதான் இருக்கிறது. அதைத் தோண்டாமல் பெருக்க வழி உண்டா?

உண்டு. பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டி, இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள போத்துகளாக நறுக்குங்கள். இலைகளை நீக்கிவிட்டு, ஈரமான மணலும் நார்க்கழிவும் கலந்த தட்டில் அவற்றைக் கிடையாகப் படுக்க வைத்து, பாதி புதையுமாறு அழுத்திவிடுங்கள். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் கணுக்களிலிருந்து சிறு குருத்துகள் எழும். குருத்து விரல் நீளமாகித் தனக்கென வேர் விட்ட பிறகே பிரித்து நட வேண்டும். அவசரப்பட்டு இழுத்துப் பார்ப்பவர்கள்தான் இழக்கிறார்கள்.

மழை மிகுந்த ஆண்டுகளில் பழைய தண்டின் மேல்பகுதியிலேயே சிறு கன்றுகள் முளைப்பதுண்டு. அவற்றை அப்படியே கிள்ளி நடலாம். விதை வழியும் இருக்கிறது. சிவந்த காய் வெடித்ததும் உள்ளே வெண்ணிறச் சதை சூழ்ந்த கரிய விதைகள் தெரியும். அந்தச் சதைக்காகப் பறவைகள் வருவதால் உங்களுக்கு மிஞ்சுவது குறைவு. கிடைத்தால் சதையைக் கழுவி உடனே விதைத்துவிட வேண்டும். விதைக் கன்று பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால் பொறுமை உள்ளவர்களுக்கே இதைச் சொல்கிறேன்.

மாடியில் தொட்டியில் வளர்க்க முடியுமா?

முடியும். கிழங்கு பக்கவாட்டில் பரவுவதால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். வாய் 35 செ.மீ. க்குக் குறையாத தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். திறந்த மாடியில் நிழல் வலை இல்லாமல் வைக்க வேண்டாம். தொட்டி மண் விரைவில் காயும், உப்பும் விரைவில் சேரும் என்பதால் தண்ணீரைப் பற்றி மேலே சொன்னவை இங்கே இரு மடங்கு பொருந்தும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கிழங்கைப் பிரித்து மண்ணை மாற்றுங்கள்.

தை மாதத்தில் இலைகள் மஞ்சளாகித் தண்டோடு காய்ந்துவிட்டன. செடி செத்துவிட்டதா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். பெரும்பாலும் செடி சாகவில்லை; உறங்கப் போயிருக்கிறது. மழை நின்று காற்று வறண்டதும் கோஷ்டம் இலைகளில் உள்ள சத்தைக் கிழங்குக்கு இறக்கிவிட்டு, மேல்பகுதியை உதிர்த்துவிடும். காட்டில் மாசி, பங்குனி மாதங்களில் அது இருந்த இடமே தெரியாது. தோட்டத்திலோ, தண்டு காய்ந்ததைப் பார்த்துப் பதறி நீரை இரட்டிப்பாக ஊற்றிக் கிழங்கை அழுகச் செய்கிறார்கள். அல்லது தொட்டி காலியாகிவிட்டதாக எண்ணி மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். வறட்சியால் இறந்த கோஷ்டங்களைவிட இந்த இரண்டு வழிகளில் இறந்தவையே மிகுதி என்பது என் அனுபவம்.

செத்ததா உறங்குகிறதா என்று அறிய, ஓரத்து மண்ணை விரலால் விலக்கிக் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. முழுதும் காய்ந்த தண்டுகளை மட்டும் வெட்டிவிட்டு, பாதி பச்சையாக இருப்பவற்றை விட்டுவைத்து, மூடாக்கைக் கலைக்காமல், பத்து நாளுக்கு ஒரு முறை மண் தூளாகாத அளவுக்குச் சிறிது நீர் தெளித்தால் போதும். நட்ட இடம் மறந்து வேறு எதையாவது நட்டுவிடாமல் இருக்க ஒரு குச்சியை நட்டு வையுங்கள். கோடை மழைக்குப் பிறகு செந்நிறம் கலந்த கூரிய குருத்து மண்ணைப் பிளந்து வரும்.

தொடர்ந்து நீர் பாயும் குழாயடியிலும் கிணற்றடியிலும் சில செடிகள் உறங்காமலே ஆண்டு முழுதும் பச்சையாக இருப்பதுண்டு. அதுவும் குறையன்று. உதகை போன்ற உறைபனி விழும் உயரங்களில் மட்டும் இதைத் திறந்தவெளியில் வைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

மூன்று ஆண்டுகளாகச் செழித்து வளர்கிறது, ஆனால் ஒரு பூவும் இல்லை. என்ன குறை?

முதலில் ஒளியைப் பாருங்கள். வெயிலைப் பற்றிய விடையில் சொன்ன கை நிழல் சோதனையைச் செய்து, இருட்டாக இருந்தால் மேலே கவிந்த இரண்டு கிளைகளைக் கழியுங்கள். ஒளி போதுமானதாக இருந்தால் அடுத்த ஐயம் உரம். யூரியாவும் அடிக்கடி ஊற்றும் சாணக் கரைசலும் இலையைத்தான் பெருக்கும். பருவத் தொடக்கத்தில் ஒரு கூடை மண்புழு உரம், ஆடியில் ஒரு கைப்பிடி மரச்சாம்பல், இவற்றுக்கு மேல் இதற்கு எதுவும் வேண்டியதில்லை. உங்கள் நீர் உப்பாக இருந்தால் சாம்பலையும் தவிர்த்துவிடுங்கள், அது காரத்தன்மையை ஏற்றும்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. கோஷ்டத்தின் பூங்கூம்பு அந்த ஆண்டு எழுந்த தண்டின் நுனியில்தான் வரும். அடர்த்தியாக வரட்டும் என்று ஆனி, ஆடியில் நுனியைக் கிள்ளிவிட்டால் அந்த ஆண்டின் பூவையும் சேர்த்துக் கிள்ளியதாகும். வேலியோரச் செடிகளை வெட்டிச் சீராக்க ஆள் வரும்போது, கோஷ்டத்தைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிவப்பாக இருப்பது பூவா, வெள்ளையா? வெள்ளைப் பூ ஒரே நாளில் வாடிவிடுவது நோயா?

நோயன்று; ஒவ்வொரு பூவின் வாழ்நாளும் ஒரு பகல்தான். சிவப்பாக அடுக்கடுக்காகத் தெரிபவை பூவடிச் செதில்கள். அவற்றின் இடுக்கிலிருந்து நாளுக்கு ஒன்றோ இரண்டோ பூக்கள் மலர்வதால், ஒரு கூம்பு பல வாரங்களுக்குப் பூத்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஆடி முதல் ஐப்பசி வரை இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

அந்த வெள்ளைப் பூவை ஒரு முறை அருகில் வைத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சள் தீற்றலோடு, ஓரம் சுருங்கி, ஒற்றைப் பேரிதழாகத் தோன்றுவது உண்மையில் இதழே அன்று. மகரந்தம் தராத ஐந்து கேசரங்கள் (பூவின் ஆண் உறுப்புகள்) ஒன்றாக இணைந்து விரிந்த உறுப்பு அது. வளமான கேசரம் ஒன்றே ஒன்று, அதன் வாயிலில் நிற்கிறது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கரிய தேனீக்கள் இதற்குள் நுழைந்து வெளிவரும்போது முதுகில் மகரந்தம் ஒட்டுகிறது. காலை வேளையில் சிறிது நேரம் காத்திருந்தால் இதைக் காணலாம்.

கூம்பு முழுக்க எறும்பு மொய்க்கிறது. மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். பூவடிச் செதில்களின் வெளிப்புறத்தில் சிறு தேன்சுரப்பிகள் உள்ளன. அந்த இனிப்புக்காக வரும் எறும்புகள், இளம் காய்களையும் விதைகளையும் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகின்றன. செடி கூலி கொடுத்துக் காவலுக்கு வைத்திருப்பவர்களை நாம் விரட்டக் கூடாது.

ஆனால் எறும்புகள் கூம்பில் இல்லாமல் இலைக்காம்பின் இடுக்கிலும் தண்டின் அடியிலும் வெண்பஞ்சு போன்ற ஒன்றைச் சுற்றி மொய்த்தால், அது மாவுப்பூச்சி. அந்த இடத்தில் எறும்பு காப்பது செடியை அன்று, மாவுப்பூச்சியை. நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் அந்த இடங்களில் மட்டும் தெளியுங்கள். பூக்களின் மேல் படக் கூடாது.

இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே புழு இருக்கிறது. நத்தையும் குருத்தைத் தின்கிறது. என்ன செய்வது?

சுருட்டிய இலைக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும். ஒரு கொத்தில் நான்கைந்து இலை போவதால் செடிக்கு ஒன்றும் ஆகாது. விட்டுவிடுவதே என் வழக்கம். நத்தை அப்படியன்று. குறிப்பாக ராட்சத ஆப்பிரிக்க நத்தை ஓரிரவில் குருத்துகளை மொட்டையாக்கிவிடும். இரவில் விளக்கோடு சென்று, கையுறை அணிந்து பொறுக்கி எடுத்து உப்பு நீரில் போடுவதைத் தவிர நம்பகமான வழி வேறில்லை. உப்பைச் செடியின் அருகே தூவிவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் நன்றாக இருந்த தண்டு திடீரெனச் சாய்ந்தது. இழுத்தால் கையோடு வருகிறது. காப்பாற்ற முடியுமா?

இது இஞ்சியிலும் மஞ்சளிலும் வருவதைப் போன்ற கிழங்கு அழுகல். தை மாதத்து உறக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உறக்கத்தில் தண்டு மெல்ல மஞ்சளாகிக் காயும், கிழங்கு கெட்டியாக இருக்கும். அழுகலில் தண்டின் அடி நீர் கோத்து மென்மையாகி, கெட்ட வாடை வீசும்.

உடனே தோண்டி எடுத்து, அழுகிய பகுதிகளை நல்ல சதை தெரியும் வரை வெட்டி அகற்றுங்கள். மிஞ்சியதைக் கழுவி, சூடோமோனாஸ் என்ற நன்மை தரும் பாக்டீரியாவின் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து, நிழலில் உலர்த்தி, வேறு இடத்தில் மேட்டில் நடுங்கள். பழைய குழியில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை தரும் பூஞ்சை கலந்த தொழு உரத்தை இட்டு, ஒரு பருவமாவது இஞ்சிக் குடும்பத்துச் செடி எதையும் அங்கே வைக்காதீர்கள். வெட்டி எறிந்தவற்றை உரக்குழியில் போடக் கூடாது.

இதைச் சாப்பிடலாமா? வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.

இலங்கையில் தெபு இலையை நறுக்கித் தேங்காய்த் துருவல் சேர்த்துச் சம்பலாக உண்பது இன்றும் வழக்கில் உள்ளது. கிழங்கைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் இருக்கிறது. ஸ்டீராய்டு மருந்துகள் தயாரிப்பதற்கான மூலப்பொருள் அது. எனவே கிழங்கைத் தாமாகவே மருந்தாக உண்பது சரியன்று. கருவுற்ற பெண்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். பூவையும் இலையையும் குழந்தைகள் தொட்டு விளையாடுவதில் கவலைப்பட ஏதுமில்லை.

இலையில் வெள்ளை வரி உள்ள வகையை வாங்கினேன். இப்போது பச்சை இலைத் தண்டுகளும் வருகின்றன. ஏன்?

வரியுள்ள வகையும் இதே கோஷ்டம்தான். அதன் இலையில் வெண்பகுதிக்குப் பச்சையம் இல்லை. முழுப் பச்சைத் தண்டு அதைவிட வலிமையானது என்பதால், விட்டுவைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் கொத்து முழுதும் பச்சையாகிவிடும். வரி வேண்டுமென்றால் பச்சைத் தண்டைக் கண்டதும் கிழங்கோடு பிரித்து வேறிடத்தில் நடுங்கள். வரியுள்ளதற்குச் சற்றுக் கூடுதல் ஒளியும், வெண்பகுதி எளிதில் கருகும் என்பதால் உச்சி வெயிலிலிருந்து கூடுதல் பாதுகாப்பும் தேவை. என்னைக் கேட்டால், நிழலான மூலைக்குப் பச்சை இலைக் கோஷ்டமே உரியது.

நம் நாட்டுச் செடி என்றாலும் பரவித் தோட்டத்தையே பிடித்துக்கொள்ளாதா? கூட எதை வைக்கலாம்?

ஈரம் உள்ள இடத்தில் கொத்து ஆண்டுக்கு ஓரடி வரை அகலலாம். வறண்ட மண்ணைத் தாண்டி அது போகாது என்பதால், நம் தோட்டங்களில் நீர் பாயும் எல்லையே அதன் வேலி. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பங்குனியில் கொத்தின் ஓரங்களைத் தோண்டிப் பிரித்து, தேவையானவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

கோஷ்டம் உறங்கும் மாதங்களில் இடம் வெறுமையாகத் தெரியும் என்பதே இதன் மேல் சொல்லப்படும் ஒரே நியாயமான குறை. அடியில் வல்லாரையைப் படரவிட்டால் அந்த வெறுமை மறையும். தண்டுகள் உயர்ந்து நிற்பதால் இரண்டுக்கும் போட்டி இல்லை. மரத்தடியாக இருந்தால் மரத்தில் திப்பிலிக் கொடியையோ வெற்றிலையையோ ஏற்றலாம். அவையும் இதே நிழலையும் ஈரத்தையும் கேட்பவை. தண்ணீர் சற்றுத் தேங்கும் தாழ்ந்த ஓரத்தில், கோஷ்டம் நிற்க முடியாத இடத்தில், வசம்பும் நீர்ப்பிரமியும் நன்றாக வரும். கோஷ்டத்தின் குருத்துகள் எழும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வல்லாரையை அவ்வப்போது விலக்கிவிடுங்கள்.